ஒரு மாசத்துக்கு அழியாது

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் இர்பானா. தனக்கொடி கடைப்படியில் வந்து நின்று, "பாப்பா, அந்த மனுசன் அன்னிக்கி இங்கதான் குந்திக்கினு இருந்தாருன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டதும், "வார்த்த எதுக்குக்கா, படமே இருக்கு. கேமராவுக்குப் புது டிஸ்க்கு போட்டிருக்கோம். ஒரு மாசத்துக்கு அழியாது" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு விட்டாளா? ஸ்டேஷனுக்கும் போன் போட்டு ஏட்டய்யாவிடம் அதையே ஒப்பித்தாள். "சரிம்மா, இருந்தா மதியத்துக்குள்ள கொண்டா. சாப்பாட்டுக்கு மேல கோர்ட்டுக்கு இட்டுக்கினு போயிடுவோம். அப்புறம் என்னைக் கேக்காத" என்றார் அவர்.

தனக்கொடியின் புருஷன் குழந்தைவேல் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். நேற்று சாயங்காலம் வீட்டு வாசலிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, உறுவையாறு போகிற சாலையில் ஒரு டிராக்டர் ஸ்கூட்டியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. ஸ்கூட்டியில் வந்த டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்து, இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தார். இப்போதுதான் தெளிந்து, சிவப்பு டிராக்டர், நீல டிரெய்லர், நாலரை மணி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். சிவப்பும் நீலமுமா, அது குழந்தைவேல் வண்டிதான் என்று யாரோ கைகாட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் அப்படி ஒரு வண்டிதான் ஓடுகிறதா, ஒன்பது ஓடுகிறதா என்று எந்த மகராசன் எண்ணிப் பார்த்தான்?

அந்த நாலரை மணிக்குக் குழந்தைவேல் இருந்தது வில்லியனூரில், உதுமான் பாயின் உரக்கடையில். இர்பானா அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பாதான் உதுமான். அவருக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டால், கடையில் அந்த நேரம் யார் நிற்கிறார்களோ அவரிடமே கடையை விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அன்றைக்கு நின்றது குழந்தைவேல். மூட்டை ஏற்றி முடித்துக் கிளம்ப இருந்தவரைப் பிடித்து, "கொழந்தை, கொஞ்ச நேரம் குந்து, தோ வந்துர்றேன்" என்று ஸ்டூலைக் காட்டிவிட்டுப் போனார். இர்பானா அன்று பாண்டிக்குப் போயிருந்தாள்.

நேற்று இரவே உதுமான் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் இதைச் சொன்னார். ஏட்டய்யா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீ போம்போது இருந்தான், வரும்போது இருந்தான். சரி பாய். நடுவுல அரைமணி நேரம் நீ அங்க இல்ல. இடிச்சிட்டுத் திரும்பி வந்து ஸ்டூல்ல குந்த எத்தினி நேரம் ஆவும்?" என்று கேட்டார். உதுமான் வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்துவிட்டு அப்படியே எழுந்துகொண்டார்.

"நான் குந்த வச்சதாலதான் இந்த வினையே" என்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் சொல்லலன்னா அவன் அப்பவே போயிருப்பான். கடைத்தெருவுல நாலு பேர் பாத்திருப்பாங்க. யாரும் பாக்காத எடத்துல அவன உக்கார வச்சது நான்."

"கேமரா பாத்திருக்கும் அத்தா. சும்மா இருங்க" என்றாள் இர்பானா.

கடையின் பின்னறையில், யூரியா வாசனைக்கு நடுவில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். அண்ணன் நசீர் காலேஜில் படித்த காலத்தில் வாங்கியது. அவன் துபாய்க்குப் போன பிறகு தூசி பிடித்துக் கிடந்ததை, கேமரா வைக்கிற சார்லஸ்தான் எடுத்துத் துடைத்து, பின்னால் ஒரு கார்டைச் செருகி, நாலு கேமரா ஒயரையும் அதில் மாட்டிவிட்டான். போன தடவை லீவில் வந்தபோது நசீர் மூவாயிரம் ஜிபி டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து, "ஊரையே இதுக்குள்ள அடைக்கலாம்" என்று பீற்றிக்கொண்டான். அதையும் சார்லஸ்தான் மாட்டினான். ஒரு மாசம் தாங்கும் என்று கணக்குச் சொன்னவனும் அவன்தான்.

இர்பானா மவுசைப் பிடித்து உட்கார்ந்தாள். பழைய ரெக்கார்டிங்கைத் தேடுகிற பக்கத்தை அவள் இதற்குமுன் திறந்ததே இல்லை. திறப்பதற்குள் அந்த மிஷின் முக்கி முனகிற்று. ஒருவழியாகத் திரை வந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது தேதி இல்லை. கீழ் மூலையில், டிஸ்க்கின் மொத்த இடம் என்று காட்டிய எண்: 746.

மூவாயிரம் எங்கே, எழுநூற்று நாற்பத்தாறு எங்கே? சார்லஸுக்குப் போன் போட்டாள்.

"அது அப்பிடித்தான் இர்பானா காட்டும்" என்றான் சார்லஸ், எங்கோ வண்டிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து. "டப்பா மேல போடறது ஒண்ணு, உள்ள காட்டறது ஒண்ணு. ஐநூறு போட்டா நானூத்தி அறுபத்தஞ்சுதான் காட்டும்."

"முப்பது நாப்பது கொறஞ்சா சரிண்ணா. இங்க ரெண்டாயிரத்துக்கு மேல காணம். மாட்டுன அன்னிக்கி நீங்க பாக்கலியா?"

"பாத்தேன். முன்ன இருந்தது நூத்தி அறுபது. இது எழுநூறுக்கு மேல காட்டுதேன்னு…" அவன் இழுத்தான். பிறகு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருக்க வேண்டும், சத்தம் அடங்கியது. "ஐயய்யோ. அது ரொம்பப் பழைய மிஷினாச்சே."

"பழசுன்னா இன்னா? டிஸ்க்கு புதுசுதான?"

"டிஸ்க்கு புதுசு. எண்ணறது யாரு, மிஷினு. டிஸ்க்கு பூரா சின்னச் சின்ன அறையா இருக்கும் இர்பானா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அந்தக் காலத்து மிஷினுக்கு இத்தினி இலக்கம் வரைக்குந்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேல போனா திரும்ப சைபர்லருந்து ஆரம்பிக்கும். பழைய பைக்ல மீட்டர் லட்சத்தத் தாண்டினா சைபருக்கு வந்துடுது இல்ல? லட்சத்தி முப்பதாயிரம் ஓடின வண்டி வெறும் முப்பதாயிரம்னு காட்டும். அதே கததான். மூவாயிரத்தையும் எண்ணப் பாத்து, ஒரு சுத்து சுத்தி வந்து, மிச்சம் நின்னதத்தான் மொத்தம்னு நெனச்சிக்கினு இருக்கு."

"அப்ப மீதி எடம்?"

"டிஸ்க்குல இருக்கு. இதுக்குத்தான் கண்ணுக்குத் தெரியல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கவேண்டிய கணக்கு அவளுக்கே தெரிந்தது. மூவாயிரத்துக்கு ஒரு மாசம் என்றால், அதில் கால்வாசிக்கு ஒரு வாரம். டிஸ்க் நிரம்பியதும் இருப்பதிலேயே பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். விபத்து நடந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால். அந்தப் புதன்கிழமை அழிந்தே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

கடைப்படியில் தனக்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். இர்பானா திரும்பிப் பார்த்ததும், "கெடச்சிடுச்சா பாப்பா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது? "தேடிக்கினு இருக்கேங்க்கா" என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தேடுவது போலப் பாவனை செய்யவாவது வேண்டுமே என்று பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். நேற்று, முந்தாநாள், ஞாயிறு, வெள்ளி. ஒரு வாரம் தாண்டியது. பட்டியல் முடியவில்லை. போன செவ்வாய், அதற்கும் முன்னால் திங்கள். அவள் விரல் வேகம் குறைந்தது. இன்னும் இழுத்தாள். கடைசி வரியில் வந்து நின்ற தேதி, அந்தப் புதன்கிழமை.

"சார்லஸண்ணா, இருக்கு" என்றாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. "அந்த நாளு இருக்கு. எப்பிடி இருக்கு?"

"இருக்கக் கூடாதே" என்றான் அவன்.

அவள் மறுபடி மேலே போய் வரிசையாகப் பார்த்துவந்தாள். மணிக்கு ஒன்றாகப் பதிவுகள். எல்லா நாளும் காலை ஒன்பதுக்குத் தொடங்கி, இரவு ஒன்பதோடு நின்றிருந்தது. இரவு ஒன்றுமே இல்லை. திருடன் வருவது ராத்திரி, திருடனைப் பிடிக்க வைத்த கேமரா தூங்கியதும் ராத்திரி. நல்ல காவல்.

"அத்தா" என்று கூப்பிட்டாள். "ராத்திரி இத அணைக்கிறீங்களா?"

உதுமான் அறை வாசலில் வந்து நின்றார். அந்தக் கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் 'அணைக்காதே' என்று மார்க்கரில் எழுதி, யாரும் தட்டிவிட முடியாதபடி டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தது அவர் மகள்தான். போன வருஷம் பக்கத்துத் துணிக்கடையில் ஒயர் எரிந்ததிலிருந்து, கடையைப் பூட்டும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் அவர் படியிறங்குவார். அதற்காக அவள் வாரக்கணக்கில் சண்டை பிடித்து, கடைசியில் அந்தக் காகிதத்தை ஒட்டினாள்.

"அந்த சுவிட்ச நான் தொடல" என்றார் அவர்.

"அத்தா."

"மெயின எறக்கிடுவேன். வெளிய, மீட்டர் பொட்டில." அவர் தரையைப் பார்த்தார். "சாக்கும் சணலுமா இருக்கற கடம்மா. தூக்கம் வர்ல எனக்கு."

பாதி நாள் ஓடாததால், ஒரு வாரத்துக்குத் தாங்க வேண்டியது இரண்டு வாரம் தாங்கியிருந்தது. இர்பானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. அதற்கு நேரம் இல்லை என்று அடுத்த நொடியே தெரிந்தது. கடைசி வரியில் நின்ற பதிவு, அந்தப் புதன்கிழமை மாலை நாலிலிருந்து ஐந்து. அதற்கு முன்னால் எதுவுமில்லை. மூன்று மணியும் இரண்டு மணியும் இன்று காலையிலேயே போய்விட்டிருக்க வேண்டும்.

"அண்ணா, பழசு எப்ப அழியும்?"

"புது மணி ஆரம்பிக்கும்போது ஒரு பழைய மணி போவும். முழுசா."

திரையின் மூலையில் கடிகாரம் பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கிறது என்றது. நாலு கேமராவும் ஓடிக்கொண்டிருந்தன. கடை வாசலும், மூட்டை அடுக்கும், முந்தானையைச் செருகி நிற்கிற தனக்கொடியும் அந்த நிமிஷம் பதிந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆனதும் தனக்கொடி நிற்கிற படத்துக்கு இடம் விட்டு, அவள் புருஷன் உட்கார்ந்திருந்த படம் போய்விடும்.

ரெக்கார்டிங்கை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணா, சீக்கிரம்."

"கடைல எழுதி வச்சிருக்கேன். நான் சுத்துக்கேணில இருக்கேன் இர்பானா. ஒண்ணு ரெண்டு மூணு நாலு போட்டுப் பாரு."

போட்டாள். தவறு என்றது. கடையின் பெயரைப் போட்டாள். தவறு. மூன்றாவது தடவை அவசரத்தில் வேறு எதையோ அழுத்திவிட்டாள். சுவிட்சை அணைக்கலாம் என்றால் அவளே சுற்றிய டேப் நகத்துக்கு வரவில்லை. கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம்.

"அத்தா, மெயின எறக்குங்க."

உதுமான் அசையவில்லை. "ஓடற மிஷின அப்பிடி அணைச்சா டிஸ்க்கு கெட்டுப் பூடும்னு நீதானம்மா சொன்ன? இப்ப கெட்டுட்டா அவன் கதி?"

"தெனம் அணைச்சீங்க, கெட்டுச்சா? இன்னிக்கி ஒரு நாள் என் பேச்சக் கேக்காதீங்க. எறக்குங்க அத்தா."

அறுபது வயது மனிதர் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. வெளியே மீட்டர் பெட்டியின் தகரக் கதவு படாரென்று திறந்தது. தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்தது. திரை கருத்தது. அதுவரை காதில் விழாமலே இரைந்துகொண்டிருந்த டிஸ்க்கின் சத்தம் நின்றது.

"இன்னா ஆச்சி? ஏன் அணைச்சிட்டீங்க?" என்று தனக்கொடி உள்ளே வந்துவிட்டாள். இர்பானா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, இந்தத் தடவை எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஒரு மாசம் தாங்கும் என்றது தப்பு, மிஷின் அதில் கால்வாசியைத்தான் பார்த்திருக்கிறது, அத்தா அணைத்து அணைத்துத்தான் மிச்சம் இருக்கிறது, இருக்கிறதா என்பதும் மறுபடி போட்டால்தான் தெரியும். தனக்கொடிக்கு எவ்வளவு விளங்கியதோ. "நீ சொன்ன தெம்புலதான் பாப்பா காலைலருந்து பல்லக் கடிச்சிக்கினு நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சார்லஸ் வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் கம்ப்யூட்டரின் பின்னால் போய்க் குனிந்து, நாலு கேமரா ஒயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். "போட்ட ஒடனே தானா ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சிடும். ஒயரு இல்லன்னா எத எழுதும்? ஒண்ணையும் அழிக்காது" என்றான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அழிக்கக் கூடாது" என்று திருத்தினான்.

உதுமான் மெயினை ஏற்றினார். திரை வெளிச்சம் வந்து, நீலமாகி, அதில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. சரியாக அணைக்காததால் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்றது மிஷின். நூற்றில் ஒன்று. நூற்றில் இரண்டு. நிறுத்தலாமா என்று இர்பானா கேட்டதற்கு, சார்லஸ் வேண்டாம் என்று தலையாட்டினான். ஏட்டய்யாவிடமிருந்து போன் வந்தது. "கொண்டு வர்றியாம்மா, இல்ல நாங்க கெளம்பவா?" என்றார். "வரேன் சார், தோ" என்றாள். திரையில் பதினெட்டு என்று நின்றிருந்தது.

நாற்பதில் ஒரேயடியாக நின்றுவிட்டது. டிஸ்க் கடகடவென்றது. உதுமான் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒரு தாவலில் எழுபது, தொண்ணூறு என்று ஓடி முடிந்தது.

பட்டியலில் கடைசி வரி அப்படியே இருந்தது.

நாலு மணி தாண்டிச் சில்லறை நிமிஷத்தில் உதுமான் ஸ்டூலைக் காட்டிவிட்டுப் படத்தை விட்டு வெளியேறினார். குழந்தைவேல் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் சாலையோரம் டிராக்டரின் பெரிய சக்கரமும், நீல டிரெய்லரின் ஒரு மூலையும் தெரிந்தன. சார்லஸ் வேகமாக ஓட்டினான். ஆள் துண்டால் முகம் துடைத்தார், கொட்டாவி விட்டார். நாலு இருபத்தைந்துக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே எழுந்தார். இடதுபக்கம் நடந்து படத்தை விட்டுப் போய்விட்டார்.

ஸ்டூல் காலியாக இருந்தது.

"அங்க இன்னா இருக்கு? எங்க போறாரு?" என்று சார்லஸ் முணுமுணுத்தான். இடித்துவிட்டுத் திரும்பி வர எத்தினி நேரம் ஆவும் என்று ஏட்டய்யா அத்தாவிடம் கேட்டது இர்பானாவின் நினைவுக்கு வந்தது. அவள் காலி ஸ்டூலை விட்டுவிட்டு அந்தச் சக்கரத்தையே பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. சக்கரத்தின் மேல் சின்னச் சின்னதாகக் கோடுகள் விழுந்தன. தூறல். குழந்தைவேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். படியில் அடுக்கியிருந்த மூட்டைகளை மூடி, முனைகளில் கல் வைத்து, நனைந்த தலையோடு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். மணி நாலரை தாண்டியது. பள்ளிவாசலிலிருந்து உதுமான் தலையில் கர்ச்சீப்போடு திரும்பும் வரை அந்தச் சக்கரமும் நகரவில்லை, அவரும் நகரவில்லை.

"அந்தப் போனு பண்ணது நான்தான்" என்றாள் தனக்கொடி. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பொண்ணுக்குக் காச்சலு, சீக்கிரம் வூட்டுக்கு வாய்யான்னேன். 'பாய் நம்பி வுட்டுட்டுப் போயிருக்காரு, அவரு வந்துடட்டும்'னாரு. போன வச்சப்புறம் நல்லா திட்டினேன்."

உதுமான் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, மறைக்கக்கூட முயலாமல் அழுதார்.

சார்லஸ் அந்த ஒரு மணி நேரத்தைப் பென் டிரைவில் இறக்கி, தன் பைக்கிலேயே இர்பானாவையும் தனக்கொடியையும் ஏற்றிக்கொண்டு போனான். ஜீப் வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. ஏட்டய்யா படத்தை ஒரு முறை பார்த்தார். சக்கரம் வரும் இடத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "யோவ், அவருக்கு ஒரு டீ குடு" என்றார். இருட்டுவதற்குள் குழந்தைவேல் வீடு போய்ச் சேர்ந்தார்.

சார்லஸ் காசு வாங்காமல் வேறொரு மிஷின் கொண்டுவந்து வைத்தான். இதுக்கு எண்ணத் தெரியும் என்றான். அடுத்த வாரம் உரம் ஏற்றக் குழந்தைவேல் கடைக்கு வந்திருந்தபோது அஸர் பாங்கு கேட்டது. உதுமான் எழுந்து, ஒன்றும் பேசாமல் ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தார்.

"இன்னா பாய், ஷட்டர எறக்கற? நான் இங்கதான இருக்கேன்."

"இல்ல கொழந்தை. உன்ன மறுபடி குந்தச் சொல்ல எனக்கு வாய் வர்ல."

"போய்யா, பாங்கு சொல்லி எத்தினி நேரமாச்சி" என்று குழந்தைவேல் அவர் கையிலிருந்த கொக்கியை வாங்கிச் சுவரில் மாட்டினார். உதுமான் தயங்கித் தயங்கிப் படியிறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் குழந்தைவேல் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்து, அண்ணாந்து கேமராவைப் பார்த்து, அதற்கு நேர் எதிரில் வருகிற மாதிரி ஸ்டூலை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாப்பா, அது ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

"எத்தினி நாளைக்கி அழியாது?"

இர்பானாவுக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"இருங்கண்ணா, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று பின்னறைக்குப் போனாள்.